புறா வலை: ஒரு குழந்தை, ரெண்டு பேஷன்ட்

மொதல்லயே சொல்லிடறேன், அவங்க ரெண்டு பேரும் எழுதலாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இதை எழுதறேன், வயசு, வேலை, ஊருன்னு சில விஷயத்தை மாத்தியிருக்கேன், பேரு எங்கயும் வராது. நான் பெங்களூர்ல கவுன்சலிங் பண்றேன், அல்சூர் பக்கம் ஒரு சின்ன ரூம், வர்றவங்கள்ல பாதிக்கு மேல தமிழ்க்காரங்கதான். ஒயிட்ஃபீல்டுல இருந்தும் சர்ஜாபூர் ரோட்ல இருந்தும் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்ல கெடந்து இங்க வர்றாங்கன்னா என் திறமையைப் பாத்து வர்றாங்கன்னு நெனைச்சுக்க வேண்டாம், அழணும்னா தமிழ்ல அழலாம்னுதான் வர்றாங்க. இந்தக் கேஸை எழுதறதுக்குக் காரணம் இதுல நான் பண்ண தப்பு. கடைசி வரைக்கும் மறைச்சு வெக்கறதுக்கு இது துப்பறியும் கதை இல்ல: டயப்பர் பேக்கைத் தோள்ல மாட்டிட்டு கதவுகிட்ட நின்ன ரெண்டாவது பேஷன்ட்டை நான் அஞ்சு வாரம் டிரைவர் மாதிரி நடத்தினேன்.

வந்த அன்னிக்கு

அந்தப் பொண்ணுக்கு 34, சேலம் பக்கம். அவருக்கு 37, சத்தியமங்கலம் பக்கம். கல்யாணம் ஆகி எட்டு வருஷம், பொண்ணு கொழந்தை, நாலரை மாசம். கசவனஹள்ளில ஏழாவது மாடி ஃப்ளாட். அவர் சாஃப்ட்வேர், இவங்களும் டெஸ்டிங்ல லீடா இருந்து, கொழந்தைக்காக எடுத்த ட்ரீட்மென்ட்டுக்காக வேலையை விட்டவங்க.

உக்காந்ததும் "எனக்கு ஒண்ணும் இல்லைங்க மேடம், தூக்கம் மட்டும்தான் பிரச்சனை"ன்னாங்க. கொழந்தை எந்திரிச்சு எந்திரிச்சு தூக்கம் கெடறது எல்லா வீட்லயும் இருக்கறதுதான், ஆனா இவங்க கொழந்தை தூங்கற நேரத்துலயும் கண்ணைத் தொறந்துட்டுப் படுத்திருக்காங்க, ஃபேன் சுத்தறதைப் பாத்துக்கிட்டே விடிஞ்சிடுது. நான் அந்த எடத்துல எப்பவுமே கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவேன், ஏன்னா தூங்க விட்டாலும் தூங்க முடியலங்கறது வேற விஷயம். சாப்பாடு? அம்மா வந்து பத்தியம் போட்டாங்க, பால் சுறா, பூண்டு, லேகியம் எல்லாம் ஆச்சு, எதுவும் ருசிக்கல. பால் கம்மியாதான் இருக்கு, பாதி ஃபார்முலா. பாப்பாவைப் பத்திக் கேட்டதும் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "யாரோட கொழந்தையையோ பாத்துக்கற மாதிரி இருக்கு மேடம், சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்கன்னு தோணிட்டே இருக்கு"ன்னு சொன்னாங்க. சொன்ன அடுத்த செகண்டே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "அப்படிச் சொல்லக்கூடாது இல்ல? தவம் கெடந்து பெத்த புள்ள."

இந்த வார்த்தையை அடுத்த எட்டு மாசத்துல எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கு வெக்கல. தவம் கெடந்து பெத்ததுன்னு ஊரே சொல்லும்போது, பெத்தவ "கஷ்டமா இருக்கு"ன்னு சொல்ல முடியாது, ஏன்னா வரம் கேட்டது யாரு, நீதானே. ஈஸியா புள்ள பொறந்த வீட்ல ஒரு அம்மா "அய்யோ உசிர வாங்குது இது"ன்னு வாய்விட்டுப் புலம்பிட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம், இவங்களுக்கு அந்தச் சின்ன புலம்பல் கூட சாமி குத்தம்.

பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரஷன் இருக்கான்னு பாக்கற எடின்பரோ ஸ்கேல் குடுத்தேன். 1987ல வந்தது, பத்தே கேள்வி, போன ஏழு நாள்ல எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், மொத்தம் 30 மார்க், பொதுவா 13ம் அதுக்கு மேலயும் வந்தா டிப்ரஷன் இருக்க நெறைய வாய்ப்புன்னு எடுத்துக்குவோம். தமிழ்லயும் இருக்கு, வேலூர்ல சோதிச்சுப் பாத்து 2005ல வெளிவந்தது. இவங்களுக்கு 19. பத்தாவது கேள்வி தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்கற எண்ணம் வந்துச்சான்னு, அதுக்கு "எப்பவாவது"ன்னு டிக் அடிச்சிருந்தாங்க. மத்த ஒம்போது கேள்விக்கும் ஜீரோ வந்தாலும் இந்த ஒண்ணுல டிக் இருந்தா விடக்கூடாது. கேட்டேன், நேராவே கேட்டேன், சுத்தி வளைச்சா அவங்களும் சுத்தி வளைப்பாங்க. பிளான் எதுவும் இல்ல, நான் இல்லாம இவங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்களோன்னு மட்டும் தோணுதுன்னாங்க. குரல் எதுவும் கேக்கல, கொழந்தைக்கு ஏதோ தெய்வ சக்தி இருக்கு, பேய் இருக்குங்கற மாதிரி நம்பிக்கை எதுவும் இல்ல. அதைக் கேக்கறது முக்கியம், பிரசவத்துக்கு அப்புறம் வர்ற சைக்கோசிஸ், அதாவது நெசம் எது நெனைப்பு எதுன்னு தெரியாம போறது, ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும், ஆனா வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். மொத வாரத்துல சும்மா சும்மா அழுகை வந்து ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிடற பேபி ப்ளூஸும் இது இல்ல, நாலரை மாசம் ஆச்சே.

அன்னிக்கே கேட்டாங்க, "அட்மிட் பண்ணிடுவீங்களா, பாப்பாவை வாங்கிடுவாங்களா?" பயம் அதுதான், அதனாலதான் இவ்வளவு நாள் வெளிய சொல்லல. இங்க பெங்களூர்ல இருக்கற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல அம்மாவும் கொழந்தையும் சேந்தே தங்கற வார்டு 2009ல இருந்து இருக்கு, நம்ம நாட்டுல மொதல்ல வந்தது அதுதான், அப்புறம் மூணு வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தையை அட்மிட் ஆன அம்மாகிட்ட இருந்து பொதுவா பிரிக்கக்கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே எழுதியிருக்குன்னு சொன்னேன். சட்டம் பேசி ஒருத்தங்க தோள் எறங்குனதை அன்னிக்குத்தான் பாத்தேன். அட்மிஷன் தேவைப்படல. ராத்திரி ரொம்ப முடியலன்னா கூப்பிட கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416ஐ ரெண்டு பேர் ஃபோன்லயும் சேவ் பண்ண வெச்சேன், தமிழ்லயே பேசலாம்.

புருஷன்காரர் அந்த ஒரு மணி நேரமும் வெளிய கொழந்தையோட, தப்பு, கொழந்தையோட கேரியரோட இருந்தார். கொழந்தை ஸ்ட்ரோலர்ல, அவர் ஒரு அடி தள்ளி. இதையும் நான் பாத்தேன். பாத்ததோட சரி.

அதுக்கு முன்னாடி

மொத ரெண்டு வருஷம் யாரும் ஒண்ணும் கேக்கல, மூணாவது வருஷம் "விசேஷம் எதுவும் இல்லையா"ன்னு ஆரம்பிச்சது. டெஸ்ட் எடுத்தாங்க. இவங்களுக்கு எல்லாம் நார்மல். அவருக்கு விந்தணு கவுன்ட் மில்லிக்கு ரெண்டு மில்லியன், உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல கீழ் அளவுன்னு சொல்றது 16 மில்லியன். கொழந்தை தங்காத ஜோடிங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் விஷயத்துல ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கும், ஆனா நம்ம ஊர்ல மலடின்னு ஒரு வார்த்தை எல்லார் வாயிலயும் வரும், அவனுக்கு ஒரு வார்த்தை சட்டுனு வராது.

ரிப்போர்ட் வந்த ராத்திரி அவர் கிச்சன்ல தரையில உக்காந்து அழுதிருக்கார், எட்டு வருஷத்துல இவங்க பாத்த ஒரே அழுகை அதுதான். இவங்கதான் சொன்னாங்களாம், "விடு, எனக்கு பீசிஓடின்னு சொல்லிக்கலாம், பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்." பீசிஓடின்னா சினைப்பைல நீர்க்கட்டி. (தனியா இருக்கும்போது நீ, வா, போ. அத்தை முன்னாடி மட்டும் "என்னங்க".) பெரிய மனசுல குடுத்த வாக்குதான், அது எவ்வளவு நாளைக்குன்னு யாரும் அன்னிக்குப் பேசல.

ஐயூஐ, அதாவது விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள்ள நேரா விடறது, மூணு தடவை. அப்புறம் டெஸ்ட் ட்யூப்னு சொல்ற ஐவிஎஃப், அதுல இக்ஸி முறை. விந்தணு கம்மியா இருந்தா ஒரே ஒரு அணுவை ஊசியால முட்டைக்குள்ள நேரா விடறது, 1992ல வந்த முறை, ஆம்பளைக்குக் கொறை இருந்தாலும் அவன் கொழந்தையே பொறக்கலாம்ங்கறது இதுக்கு அப்புறம்தான் நெசமாச்சு. ஆனா பாருங்க, கொறை யார்கிட்ட இருந்தாலும் ஊசி அத்தனையும் பொண்ணுக்குத்தான். வயித்துல ஹார்மோன் ஊசி, மயக்கம் குடுத்து முட்டை எடுக்கறது, எம்ப்ரியோவை, அதாவது கருவை, உள்ள வெச்சதுக்கு அப்புறம் எண்ணெய்ல கரைச்ச புரோஜெஸ்டிரோன் இடுப்புக்குக் கீழ தெனமும், கட்டி கட்டியா வீங்கி உக்கார முடியாது. அந்த ஊசியை வீட்லயே அவர்தான் போட்டிருக்கார், ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகி. "ஒவ்வொரு தடவையும் சாரி சொல்லுவார் மேடம், போகப் போக அந்த சாரிதான் ஊசியை விட வலிச்சுது."

மொத தடவை பீட்டா டெஸ்ட் நெகட்டிவ், கர்ப்பம் தங்கல. ரெண்டாவது தடவை ஏழு வாரத்துல கலைஞ்சுது. மூணாவது ஃப்ரோசன், உறைய வெச்ச எம்ப்ரியோ, அதுல தங்குனதுதான் இந்தப் பாப்பா. மொத்தம் பதினொரு லட்சம், அதுல ஆறு பர்சனல் லோன், ஈஎம்ஐ இன்னும் ஓடுது. ஊர்ல அத்தை பண்ணாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு ரெண்டு பங்குனி குண்டம் எறங்கியிருக்காங்க, 63 வயசுல, மருமக வயித்துல புள்ள தங்கணும்னு. உள்ளங்கால் கொப்புளத்தை ஃபோட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப்ல யாரோ போட்டாங்களாம். அம்மா நெருப்புல நடந்தது எதுக்குன்னு மகனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

டெலிவரி 37 வாரத்துல, சிசேரியன், 2.4 கிலோ. ஆஸ்பத்திரில கொழந்தையைக் கையில வாங்குன அத்தை சொன்னாங்களாம்: "அப்படியே எம்பையன் சாடை. உன் கொறையப் பாத்து ஒதுக்காம அந்த ஆத்தா கண்ணத் தொறந்துட்டா கண்ணு." பாசமாத்தான் சொன்னது, அவங்க கெட்ட மாமியார் கெடையாது. இவங்க தையல் வலியோட படுத்துக்கிட்டு புருஷன் மூஞ்சியைப் பாத்திருக்காங்க. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிட்டார். "அந்த நிமிஷம் ஏதோ ஆஃப் ஆயிடுச்சு மேடம்."

மொதல் அஞ்சு வாரம்

சைக்யாட்ரிஸ்ட்கிட்ட அனுப்பினேன். அவங்க மொதல்ல ரத்தம் பாத்தாங்க, ரொம்ப சரி, பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு கோளாறு வந்து டிப்ரஷன் மாதிரியே வேஷம் போடும். தைராய்டு நார்மல், ஹீமோகுளோபின் 9.4, இரும்பு மாத்திரை. டிப்ரஷனுக்கான மாத்திரை செர்ட்ரலின், 25ல ஆரம்பிச்சு 50. தாய்ப்பால்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் போகும்ங்கறதால பால் குடுக்கறவங்களுக்கு மொத சாய்ஸ் பெரும்பாலும் இதுதான். வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும்னு நூறு தடவை சொன்னோம், நாலாவது நாள் "ஒண்ணும் ஆகல"ன்னு மெசேஜ் வந்துச்சு, வழக்கம்தான்.

என் பங்குக்கு நான் போட்ட பிளான்ல முக்கியமானது தூக்கம். ராத்திரி 9ல இருந்து 2 வரைக்கும் கொழந்தை புருஷன் பொறுப்பு, ஃபார்முலா பாட்டில்ல அவர் குடுக்கட்டும், இவங்க வேற ரூம்ல கதவைச் சாத்திட்டு அஞ்சு மணி நேரம் சேந்தாப்ல தூங்கணும். அஞ்சு மணி நேரத் தூக்கத்தைக் காப்பாத்திக் குடுத்தாலே பாதி கேஸ்ல வாரத்துல முகம் மாறும். இங்க நடக்கல. ஒரு நாள் ஆபீஸ் கால், ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் பாட்டிலைக் குடுக்க வாட்ச்மேன் மனைவியைக் கூப்பிட்டிருக்கார், காசு குடுத்து. இவங்க கடுப்புல, "பொண்ணா பொறந்துடுச்சுன்னு தொட மாட்டேங்கறாரோ, இல்ல தன் கொழந்தைன்னே நம்பலையோ, லேப்ல மாத்தியிருப்பாங்கன்னு ஒரு தடவை கேட்டார் மேடம்." மூணாவது செஷன்ல சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க, மனுசன் பாப்பாவைத் தூக்க நேரம் இல்லங்கறார், பால்கனிக்குப் புறா வலை மட்டும் ரெண்டு தடவை மாத்திட்டார், இப்போ கம்பி வேற அடிக்கணுமாம், எங்க பிளாக்ல புறாவே கெடையாது.

நானும் கூட சேந்து சிரிச்சேன். என் நோட்டுல அந்த வாரம் எழுதியிருக்கறது இவ்வளவுதான்: "கணவர் ஒத்துழைப்பு குறைவு."

மருந்து மெல்ல பிடிச்சுது, அஞ்சாவது வாரம் ஸ்கோர் 14. அழுகை வர ஆரம்பிச்சுது, அதை நல்ல சகுனமாத்தான் எடுத்துக்கிட்டேன், மரத்துப் போனது வலிக்க ஆரம்பிக்கற மாதிரி.

ஆறாவது வாரம்

பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டு ஜொரம், இவங்க வர முடியல. அவர் மட்டும் வந்து நின்னார். "ஃபீஸ் கட்டியாச்சு, வேஸ்ட் ஆகக்கூடாதேன்னு வந்தேன்." பேஷன்ட் உக்கார்ற சோபா காலியாத்தான் இருந்துச்சு, அவர் கதவோரத்துல கூட வர்றவங்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தார். நான் வழக்கம் போல அவங்க எப்படி இருக்காங்க, மாத்திரை ஒழுங்கா போடறாங்களான்னு கேட்டுட்டு, நேரம் மிச்சம் இருந்ததால, சொல்லவே கூச்சமா இருக்கு, நேரம் மிச்சம் இருந்ததாலதான், "நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் ஏசி சத்தம் மட்டும்தான். அப்புறம், "மேடம், அந்தப் புறா வலை ஆறு கிலோ தாங்குமா, உங்களுக்குத் தெரியுமா?"

பாப்பா எடை அப்போ ஆறு கிலோ.

பொறந்த மூணாவது வாரத்துல இருந்து அவருக்கு அந்தக் காட்சி. கொழந்தையைத் தூக்கிட்டு பால்கனி பக்கம் போனா, தன் கையே அதை வெளிய போடற மாதிரி, கீழ பார்க்கிங்ல விழற சத்தம் உட்பட. மொதல்ல பால்கனில மட்டும், அப்புறம் ஜன்னல், அப்புறம் கத்தி, கொதிக்கற தண்ணி. வலை போட்டார், வலை அறுந்துட்டான்னு வேற வலை, அதுவும் பத்தாதுன்னு கம்பி. கடைசில கொழந்தையைத் தூக்கறதையே நிறுத்திட்டார், தொடாம இருந்தா பாப்பா சேஃப். "நான் மிருகம் மேடம். இவ்வளவு கேட்டு வாங்குன புள்ளையை எவன் இப்படி நெனைப்பான்?"

இந்த எடத்துல பதறக் கூடாது, அலட்சியமும் கூடாது, ரெண்டுமே நடக்கும். நான் கேட்டது: அந்த எண்ணம் வரும்போது செய்யணும்னு ஆசை வருதா, பயம் வருதா? செஞ்சுதான் ஆகணும்னு யாராவது சொல்ற மாதிரி கேக்குதா? செஞ்சா கொழந்தைக்கு நல்லதுன்னு தோணுதா? கோவத்துல கொழந்தையை எப்பவாவது குலுக்கியிருக்கீங்களா, அடிச்சிருக்கீங்களா? பயம் மட்டும்தான், மத்தது எதுவும் இல்ல. எண்ணம் வந்ததும் ஓடி ஒளியறவன் ஆபத்தானவன் கெடையாது, அது அப்செசிவ் எண்ணம், தனக்குப் பிடிக்காத ஒண்ணு தன் மண்டைக்குள்ளயே ஓடறது. புதுசா பெத்தவங்கள்ல கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோங்கற எண்ணம் கிட்டத்தட்ட எல்லாருக்குமே வரும், தானே ஏதாவது பண்ணிடுவோமோங்கற எண்ணம் கூட ஆய்வுகள்ல கேட்ட அம்மாக்கள்ல பாதிப் பேர் வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. பெரும்பாலானவங்க "ச்சீ"ன்னு தலையை ஒரு உலுக்கு உலுக்கிட்டு மறந்துடுவாங்க. சிலருக்கு மட்டும் அது பிடிச்சுக்கும், அதுவும் தூக்கம் இல்லாதவன், கடன்காரன், ஏற்கனவே குத்த உணர்ச்சில இருக்கறவன்னா இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

மத்ததும் வந்துச்சு. ஆபீஸ்ல இருந்து வந்து பேஸ்மென்ட்ல காரை நிறுத்திட்டு முக்கா மணி நேரம் உள்ளயே உக்காந்திருக்கார், தெனமும். விட்ட சிகரெட் திரும்ப. ஆபீஸ்ல ஜூனியர் பையன்கிட்ட கத்தினது எச்ஆர் வரைக்கும் போயிருக்கு. ஆம்பளைக்கு டிப்ரஷன் நெறைய நேரம் இந்த ரூபத்துலதான் வரும், கோவம், சிகரெட், ஓவர்டைம். அதே எடின்பரோ பேப்பரை அவர்கிட்டயும் நீட்டினேன், 16. ஆம்பளைங்களுக்குக் கட்-ஆஃபை இன்னும் கம்மியா வெக்கணும்னே சொல்றாங்க, அழுகை பத்திக் கேட்டா டிக் அடிக்க மாட்டாங்கங்கறதால. 2010ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வுல அப்பாக்கள்ல பத்துல ஒருத்தருக்கு டிப்ரஷன்னு கண்டாங்க, கொழந்தைக்கு மூணுல இருந்து ஆறு மாசம் ஆகற சமயத்துல அது நாலுல ஒருத்தர் வரைக்கும் போகுது, அம்மாவுக்கு இருந்தா அப்பாவுக்கும் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இதெல்லாம் எனக்குத் தெரியும், ட்ரெயினிங்ல நானே ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கேன். ஆறு மாசக் கொழந்தையோட அப்பா என் வாசல்ல ஆறு வாரம் வந்து நின்னார்.

என்னை மட்டும் ஏன் திட்டிக்கணும், எட்டு வருஷமா அவரை யாருமே கேக்கல. ட்ரீட்மென்ட் நடந்த எடத்துல சாம்பிள் குடுக்க ஒரு ரூம் காட்டினாங்க, பில் குடுத்தாங்க, அவ்வளவுதான். கம்பெனில பத்து நாள் லீவு குடுத்தாங்க, அதுவும் அவங்களா குடுத்தது, அம்மாவுக்கு 26 வாரம்னு 2017ல சட்டம் வந்துச்சு, தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டத்துல ஒரு நாள் கூட இல்ல.

நான் என் நோட்டுல எழுதினதை அவர்கிட்ட சொன்னேன், "ஒத்துழைப்பு குறைவு"ன்னு எழுதியிருக்கேன்னு. மன்னிப்பும் கேட்டேன். அவர் லேசா சிரிச்சு, "கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க"ன்னார். ராத்திரி 9ல இருந்து 2, தனியா, கையில கொழந்தை: அவருக்கு எது உச்சகட்ட பயமோ அதையே நான் மருந்தா எழுதிக் குடுத்திருக்கேன்.

அதுக்கு அப்புறம் பண்ணது

அவருக்கும் அதே சைக்யாட்ரிஸ்ட், அதே செர்ட்ரலின், அளவுதான் வேற. கிச்சன் ஷெல்ஃப்ல ரெண்டு ஸ்ட்ரிப், ஸ்கெட்ச் பேனால "அம்மா", "அப்பா"ன்னு எழுதி வெச்சிருந்தாங்க.

பயத்துக்குப் படி படியா ஏறினோம். மொத வாரம் சோபால உக்காந்து கொழந்தை மடியில, பால்கனிக் கதவு சாத்தி, மனைவி பக்கத்துல. அடுத்து அவங்க வேற ரூம்ல. அடுத்து கதவு தொறந்து. அடுத்து நின்னுக்கிட்டு. எண்ணம் வரும், வரட்டும், "வந்துட்டியா"ன்னு விட்டுட்டு கொழந்தையை இறக்காம இருக்கணும், சாமி பேரைச் சொல்லி அழிக்கக் கூடாது, வலையை இழுத்துப் பாக்கக் கூடாது, "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் இல்ல?"ன்னு மனைவிகிட்ட கேட்டு நிம்மதி தேடக் கூடாது. கடைசியா சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம், பொண்டாட்டி பதில் சொல்லாம இருக்கறதும் கஷ்டம். மூணாவது படியில ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டோம். இதை ஆரம்பிச்ச ஏழாவது வாரம் பால்கனில பாப்பாவோட நின்னு கீழ வாட்ச்மேனுக்குக் கை காட்டியிருக்கார், வியர்த்து சட்டை ஒட்டிக்கிச்சாம்.

அவர் சொன்னதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு மனைவி பண்ணது எனக்குப் பாடமா இருந்துச்சு. நான் அழுகையை எதிர்பாத்தேன். அவங்க, "பொண்ணுன்னு தொடலன்னு நெனைச்சேனே"ன்னு மட்டும் சொல்லிட்டு அவர் கையை எடுத்து கொழந்தை வயித்து மேல வெச்சாங்க. ராத்திரி ஷிஃப்ட் அந்த வாரமே ஆரம்பிச்சுது, மொதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் மூணு, அப்புறம் முழுசா.

அத்தை வந்தப்போ

பொய்யை அவுக்கணும்னு நான் சொல்லல, அது அவங்க குடும்ப முடிவு, கவுன்சலர் உக்காந்து உண்மை பேசுங்கன்னு உபதேசம் பண்ற எடம் கெடையாது. அவரா முடிவு பண்ணினார். அத்தை வந்திருந்தப்போ ஒரு ஞாயித்துக்கெழம, காபி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது, "அம்மா, கொறை எங்கிட்டதான். இவகிட்ட ஒண்ணும் இல்ல. மொதல்ல இருந்தே"ன்னுட்டார்.

நடந்தது என்னன்னா, அத்தை நம்பல. டாக்டர் மாத்திச் சொல்லியிருப்பான், நம்ம வம்சத்துல அப்படி யாரும் இல்ல, பொண்டாட்டியைக் காப்பாத்தப் பேசறேன்னு. சாயங்காலமே பஸ் ஏறிட்டாங்க. மூணு வாரம் ஃபோன் இல்ல. அப்புறம் ஒரு நாள் மருமகளுக்கு மட்டும் கூப்பிட்டு, பாப்பாவுக்கு சளி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, வெக்கப் போற நேரத்துல "நீயாச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம் கண்ணு"ன்னு சொல்லியிருக்காங்க. மன்னிப்பா கோவமான்னு இவங்களுக்கு இன்னும் புரியல, எனக்கும்தான்.

உண்மை வெளிய வந்தா பாரம் எறங்கும்னு நெனைச்சா, மனைவி ஸ்கோர் 14ல இருந்து 17க்கு ஏறுச்சு. அவ்வளவு வருஷமா அடக்கி வெச்ச கோவம் மொத்தமும் அப்பத்தான் மேல வந்துச்சு: அஞ்சு வருஷம் லேட்டு, கல்யாண வீட்ல ஒவ்வொருத்தியும் என்னைப் பாத்து உச்சு கொட்டும்போது எங்க போனே, ஆஸ்பத்திரில ஜன்னலைப் பாத்தியே. அவர் உடனே சாரி சொல்ல ஆரம்பிச்சார், நான் நிறுத்தினேன், ஊசி போட்ட காலத்து சாரி அவங்களுக்கு ஏற்கனவே போதும். கேளுங்க, பதில் சொல்லாதீங்கன்னேன். நாலு செஷன் அவர் கேட்டார். அந்த ஏழு வாரத்துல கலைஞ்ச கொழந்தையைப் பத்தி அவங்க ரெண்டு பேரும் மொத தடவையா பேசினதும் அதுல ஒரு செஷன்லதான், அவர் அதுக்கு ஒரு பேரு வெச்சிருந்திருக்கார், இவங்களுக்கே தெரியாது.

இப்போ

கொழந்தைக்கு ஒரு வயசு ஆயிடுச்சு. எடின்பரோ ஸ்கோர் மனைவிக்கு 8, அவருக்கு 7. ரெண்டு பேரும் மாத்திரையைத் தானா நிறுத்தல, டாக்டர் சொல்ற வரைக்கும் ஓடும். அவருக்கு எண்ணம் வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை வருது, வந்தா "வந்துட்டியா"தான். மொட்டை போட்டு காது குத்த பண்ணாரிக்குப் போயிட்டு வந்தாங்க, அத்தை மடியில வெச்சுத்தான் குத்தினாங்க, அந்தப் பேச்சு மட்டும் யாரும் எடுக்கல. இவங்க பாதி நாள் வேலைக்குப் போக இன்டர்வியூ பாத்துக்கிட்டு இருக்காங்க.

என் பக்கத்துல ஒரே மாத்தம், இப்போ கொழந்தையோட யார் வந்தாலும் பேப்பர் ரெண்டு எடுக்கறேன். சில அப்பாங்க சிரிச்சுட்டு மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போயிடறாங்க.

இவங்க கேஸ் இன்னும் மூடல. ரெண்டு எம்ப்ரியோ ஃப்ரீசர்ல இருக்கு, வருஷ ஃபீஸ் கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கு. சட்டப்படி பத்து வருஷம் வரைக்கும் வெச்சுக்கலாம். அவர் போதும்ங்கறார், இவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம, ரெண்டு பேருமா வர்றாங்க.